மிச்சத்துக்கு ஒரு ஆறு

கனடாவின் புல்வெளிச் சமவெளியில் தண்டவாளம் முன்னே போனது, ஊர்கள் அதன் பின்னே முளைத்தன. திண்டுக்கல் சமவெளிக்கு 1875-இல் ரயில் வந்தபோது இங்குள்ள பட்டிகளெல்லாம் ஏற்கெனவே குளக்கரைகளில் உட்கார்ந்துவிட்டன. மேற்கே மலை மறிப்பதால் தென்மேற்குப் பருவமழை இந்த மண்ணுக்கு அதிகம் எட்டாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் தை வரைக்கும் பிழைப்பு. அதனால் முன்னோர் குளம் வெட்டினார்கள், குளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். குளங்கள் நிரம்பி மிஞ்சிய தண்ணீர்தான் ஆற்றின் கணக்கில் வந்தது. அந்தப் பழைய கணக்கில் இன்றும் நசுங்கிக் கிடப்பது குடகனாறு.

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற பக்கத்து ஓடைகள் சேர்ந்து அது இறங்குகிறது. அடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் அணை அதைப் பிடித்துத் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீராக அனுப்புகிறது. நகரம் குடித்தாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. “திண்டுக்கல்லுக்குப் பொண்ணு குடுத்தா குடந்தான் தூக்கணும்” என்று பெண் வீட்டார் தயங்கிய காலத்தை எங்கள் தலைமுறை கேட்டு வளர்ந்திருக்கிறது.

அணைக்குக் கீழே நரசிங்கபுரத்தில் வம்பு தொடங்குகிறது. அங்கே ராஜவாய்க்கால் பிரிந்து சித்தையன்கோட்டை, செட்டியபட்டிப் பக்கத்துக் குளங்களுக்குப் போகிறது. ஆறு தன் வழியில் அனுமந்தராயன்கோட்டை, பொன்னிமாந்துறை என்று போக வேண்டும். போவதில்லை. வாய்க்கால்காரர்களுக்கும் ஆற்றோரக்காரர்களுக்கும் இடையே மறியல், மனு, சமாதானக் கூட்டம் எல்லாம் நடந்து, அரசு வல்லுநர் குழு போடும் அளவுக்கு முற்றியது. இரண்டு தரப்பும் விவசாயிகள்தான். வாய்க்கால்காரர்கள் தங்கள் பாத்தியதையைச் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஆற்றில் விடும் தண்ணீர் வீண் என்று சிலர் பேசுகிறார்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தச் சமவெளிக்கு அடியில் இருப்பது கடும்பாறை. பாறையின் வெடிப்புகளில் புகுந்து நிற்கும் தண்ணீர்தான் கிணற்றில் ஊற்றாக வருகிறது. ஆற்றில் ஒரு மாதம் தண்ணீர் ஓடினால் கரையின் இருபுறமும் கிணறுகள் மாதக்கணக்கில் சுரக்கும். ஓடாத வருஷம் கிணற்றை இன்னும் வெட்டுவார்கள், அதுவும் போதாமல் ஆயிரம் அடிக்கு போர் போடுவார்கள், கடன்தான் மிஞ்சும். ஆறு எங்களுக்கு வாய்க்கால் மாதிரி பாய்ச்சவில்லை, ஊற வைத்தது. ஊறியதற்கு ரசீது இல்லாததால் அது யார் கணக்கிலும் ஏறவில்லை.

பொன்னிமாந்துறைப் பக்கம் வந்தால் நகரத்தின் பதில் மரியாதை தெரியும். மேய்ச்சல் ஆடுமாடு, தரிசில் தானாக வளர்ந்த ஆவாரஞ்செடி, கிணற்றுத் தண்ணீர் மூன்றும் இங்கேயே கிடைத்ததால் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகின. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கடல் கடந்து போனது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களின் கதையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார், 2012-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். பட்டையின் இடத்தில் குரோமியம் வந்த பிறகு கழிவின் தன்மையும் மாறியது. கிணறுகள் உப்பேறின. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் ஒருமுறை உப்பேறிய பாறை வெடிப்பைக் கழுவ ஓடும் ஆறு வேண்டும், அதைத்தான் மேலே மறித்துவிட்டோம்.

தாடிக்கொம்பில் சௌந்தரராஜப் பெருமாள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார். அவரைத் தாண்டி வடக்கே போனால் எங்கள் ஊர். ஐப்பசியில் முத்தாலம்மன் சாட்டுத் திருவிழா. அம்மனை ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பச்சைக் களிமண்ணில் செய்வார்கள். செய்கிற வேளார் வீடு அக்கரையில், கோயில் இக்கரையில். பாலம் கிடையாது. இருட்டிய பிறகு பந்தம் பிடித்துக்கொண்டு ஊரே ஆற்றில் இறங்கும். இரண்டு கரைப் புளியமரங்களுக்கும் இடையே கமலை வடத்தைக் கட்டியிருப்பார்கள், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கண் திறக்காத அம்மனை நாலு பேர் தலைக்கு மேல் தூக்கி வருவார்கள், மேலே பனையோலைத் தடுக்கு. தடுக்கைப் பிடிப்பது மாமன்மார் உரிமை, அதற்கு வருஷா வருஷம் சண்டை நடக்கும்.

ஒரு வருஷம் நட்ட நடு ஆற்றில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. பந்தங்கள் அணைந்தன. அம்மன் கையில் வண்ணம் கரைந்து தூக்கியவர்கள் முதுகில் வழிந்தது. பிள்ளைகளை வடத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பத்தா, “ஆத்தா கரையுறாளே, திரும்புங்கப்பா” என்று கத்தினார். முன்னால் போன பூசாரி தாத்தா திரும்பிப் பார்க்கவே இல்லை. “மழை கேட்டுத்தானே ஆத்தா கும்பிடுறோம், வந்ததை வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?” என்றார். கரையேறியபோது அம்மனுக்கு ஒரு காதில் மண் இல்லை. வேளார் அங்கேயே ஆற்றோரக் களியை அள்ளி ஒட்டினார், அதன் பிறகுதான் கண் திறந்தார். அந்த வருஷம் மாசி வரைக்கும் எங்கள் கிணற்றில் ஏற்றத்துக்கு வேலை குறையவில்லை.

இப்போதும் சாட்டு நடக்கிறது. அம்மன் டிராக்டரில் வருகிறாள். டயர் தடம் பதிவது ஆற்று மணலில்கூட இல்லை. மணலை அள்ளிவிட்டார்கள், மிஞ்சிய களியில் சீமைக்கருவேலம் நிற்கிறது.

வேடசந்தூர்ப் பக்கம் உவர் தண்ணீரையும் தாங்கும் புகையிலை ஒரு காலத்தில் மண்ணைக் காப்பாற்றியது. 1948-இலேயே அங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இன்று கிணறு வற்றிய வீட்டுப் பெண்கள் நூல் மில் வேனில் ஏறுகிறார்கள். அடுத்து அழகாபுரியில் குடகனாறு அணை. 1977 வெள்ளம் இந்த மண் அணையின் மேலேறிப் புரண்டு கரையை உடைத்தது. திரும்பக் கட்டினார்கள். வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய அணை இப்போது பெரும்பாலான மாதங்களில் ஆடு மேயும் இடம். அதற்கப்பால் அரவக்குறிச்சி வறண்ட நிலத்தைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் ஆறு அமராவதியில் சேருகிறது. சேர வேண்டும் என்பதுதான் சரி.

நரசிங்கபுரத்தில் முதல் தண்ணீரிலேயே ஆற்றுக்கு இத்தனை பங்கு, வாய்க்காலுக்கு இத்தனை பங்கு என்று அளந்து எழுதி, மதகுக்குப் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி பலகை வைக்க வேண்டும். ஊருணிக்கும் கிணற்றுக்கும் ஆறு தரும் ஊற்றையும் பாசனமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். குளமெல்லாம் நிரம்பிய பிறகு பார்க்கலாம் என்ற வழக்கம் மாறாதவரை, அழகாபுரி அணைக்கு எத்தனை ஷட்டர் மாட்டினாலும் அது கிரீஸ் செலவு மட்டுமே.