வீட்டுக்குள்ளும் செருப்பு

முள் குத்தியது எனக்குத் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் 30. வழக்கம்போல மேலவளவுக்குப் போயிருந்தோம். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து, நினைவிடத்தில் வீரவணக்கம் செலுத்திவிட்டு, சாயங்காலம் மதுரை திரும்பி ஒரு தோழர் வீட்டில் உட்கார்ந்தோம். சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தவள், சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணே, தரையெல்லாம் ரத்தம்."

யாருக்கு அடிபட்டது என்று சுற்றிப் பார்த்தேன். என் கால்தான். சீமைக் கருவேல முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் இறங்கி ஒடிந்திருந்தது. காலையில் குத்தியதா, மதியம் குத்தியதா, தெரியாது. வலியே இல்லை.

"அண்ணன் எத்தனை களம் கண்டவரு, முள்ளெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் ஒரு தோழர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு சுகர் வந்து அப்போது ஒன்பது வருடம். அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது.

பத்து நாள் ஆகியும் புண் ஆறவில்லை. பாதம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர், சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே தாழ உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலான் நூலால் பாதத்தில் இடம் இடமாக அழுத்தி, "தெரியும்போது சொல்லுங்க" என்றார். நான் நாலு முறை சொன்னேன். கண்ணைத் திறந்தபோது, "பத்து இடத்துல தொட்டேன்" என்றார்.

சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். மரத்த காலில் புண் வந்தால் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அது ஆறாது. அப்படியே விட்டால் முதலில் விரல் போகும், பிறகு கால். இவ்வளவையும் அவர் பொறுமையாகச் சொன்னார்.

ஆனால் அவர் சொன்னதைவிடச் செய்ததுதான் என்னை உலுக்கியது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ இடங்களில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எனக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட என் காலைத் தொட்டதில்லை. ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிறவர் ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்துக் கேட்டார். அன்றைக்கு என்னைத் தொடாமல் அனுப்பியதற்குக் காரணம் சாதியா, வெளியே காத்திருந்த கூட்டமா? உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யார் காலையும் யாரும் பார்ப்பதில்லைதான். ஆனாலும் தொட்டுப் பார்த்தால் மட்டுமே பிடிபடுகிற ஒரு சிக்கல், தொடக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நம் ஆட்களிடம் எப்போது பிடிபடும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கிளம்பும்போது மருத்துவர் சொன்னார்: "இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பா ஞாபகம். ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெரு முடிந்த பிறகுதான் மறுபடியும் காலில் போடுவார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாங்களும் அப்படித்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் நான் கழற்றாமல் நடந்தேன். அன்று ராத்திரி அப்பா ஊர்க்காரர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நான் இயக்கத்துக்கு வந்தது அந்த ராத்திரியில்தான் என்று வையுங்கள்.

அம்மாவுக்கும் சுகர். பெரியாறு பாசன வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். "நாம என்ன நெய்ச்சோறா திங்கிறோம், நமக்கு எப்படி வரும்?" என்று கடைசிவரை நம்பவே இல்லை. மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறும் குழம்பும்தான். கால் கட்டைவிரலில் புண் வந்தபோது நடவு நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். நடவு முடியட்டும் என்றார். முடிந்தபோது புண் கணுக்கால்வரை ஏறியிருந்தது. காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார்.

இவ்வளவையும் பார்த்தவன் ஒன்பது வருடம் ஏன் மறைத்தேன்?

நம் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வன்கொடுமை என்று காலையில் போன் வரும். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு இரவுவரை போகும். சாப்பாடு பதினோரு மணிக்குப் பரோட்டா. மாத்திரை வீட்டில் கிடக்கும். மறுநாள் உண்ணாவிரதம் என்பார்கள். "எனக்கு முடியல" என்று அங்கே சொன்னால் பின்வாங்குகிறான் என்று ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். அம்பேத்கரின் கடைசி இரவை நானே எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! 1956 டிசம்பர் 5. உடல் ஓய்ந்த நிலையிலும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலையில் உயிர் இல்லை. இதைச் சொல்லி, "தோழர்களே, அவரைப் போல உழைப்போம்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

காலில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில் அந்த வரலாற்றை மறுபடியும் படித்தேன். அம்பேத்கருக்கும் சர்க்கரை நோய்தான். நரம்பு வலியில் கால்கள் துவண்டிருந்தன. பம்பாயில் சிகிச்சை பெற்ற காலத்தில் தெரிந்துகொண்ட மருத்துவர் சாரதா கபீரை 1948 ஏப்ரலில் மணந்துகொண்டார். 1951 ஆகஸ்டில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தன் உடல்நிலை மருத்துவர்களுக்குக் கவலை தருகிறது, நீண்ட சிகிச்சைக்குப் போகுமுன் இந்துச் சட்ட மசோதாவை முடித்தாக வேண்டும் என்று கேட்டிருந்தார். மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அந்த டிசம்பர் இரவில்கூட, அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து அவர் கால்களைப் பிடித்துவிட்டார். இதை நான் ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

நாக்பூரில் அவர் தம்மம் ஏற்றது அக்டோபர் 14. இறந்தது டிசம்பர் 6. இடையில் 53 நாள். வயது 65. அந்தப் புத்தகம் அச்சாகி வந்ததும், அவர் திட்டமிட்ட குடியரசுக் கட்சி பிறந்ததும் 1957இல். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. இன்னும் பத்து வருடம் அவர் இருந்திருந்தால் என்று நம்மில் யார்தான் ஏங்கவில்லை? அப்படி ஏங்குகிற நாம், அவர் உடல் தேய்ந்ததை மட்டும் எப்படி முன்மாதிரியாக எடுத்துக்கொண்டோம்?

ஒரு பொதுக்குழுவில் எழுந்து, "எனக்கு ஒன்பது வருஷமா சுகர்" என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு அக்கா, "எனக்கு பிரஷர்" என்றார். இன்னொருவர் டயாலிசிஸ் செய்துகொண்டே வருகிறவர், மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாதவர். அன்றைக்கு நாலு பேர் சொன்னார்கள்.

இப்போது எங்கள் கூட்டங்களில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், மோர். சுகர் உள்ளவர்கள் உண்ணாவிரதத்தில் உட்காருவதில்லை, ஏற்பாட்டைப் பார்க்கிறார்கள். வெளியூர் போகும் வண்டியில் மாத்திரையும் பிஸ்கட்டும் இருக்கும். நான் தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை நாள் தவறாமல் எடுக்கிறேன். வருடம் ஒருமுறை கண்ணும் சிறுநீரும். எல்லா மாதமும் எண் சரியாக வருவதில்லை. சில நாள் எரிச்சலில் எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும்.

ஆனால் இதைத் தனி ஆளின் ஒழுக்கமாக மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். "காலையில வாக்கிங் போங்க" என்கிறார்கள். எங்கே போவது? காலனியில் தெருவிளக்கு எரியாது. ஊர்த்தெருவில் விடியற்காலையில் நடந்தால் "எங்கடா இந்தப் பக்கம்?" என்ற கேள்வி இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. "அரிசியைக் குறைங்க" என்கிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம், கேப்பையும் கம்பும் கடையில் காசு. நோயோடு வாழ நல்ல தெரு வேண்டும், சம்பளம் போகாத ஒருநாள் விடுப்பு வேண்டும். இவையெல்லாம் நாம் ஏற்கெனவே போராடுகிற விஷயங்கள்தான்.

அமெரிக்காவில் கறுஞ்சிறுத்தைகள் 1970களின் தொடக்கத்தில் இலவச மருத்துவமனைகள் நடத்தினார்கள். கறுப்பின மக்களிடம் கூடுதலாக இருந்தும் கவனிக்கப்படாத அரிவாள் செல் சோகைக்குத் தெருவில் இறங்கிப் பரிசோதனை செய்தார்கள். அதையும் அவர்கள் அரசியல் வேலையாகவே பார்த்தார்கள். நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. என் அம்மா காலத்தில் இருந்திருந்தால் அவர் நடவை விட வேண்டியிருந்திருக்காது. உங்கள் தெருவுக்கு அது ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வராத வீடுகளைப் பட்டியல் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். சுகர் உள்ள எல்லோருக்கும் வருடம் ஒருமுறையாவது காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மரத்த காலுக்கு மெத்தென்ற எம்சிஆர் செருப்பு இலவசமாகத் தர வேண்டும் என்று மனு எழுதுங்கள். அதற்கு ஒரு நைலான் நூலும் தொடத் தயங்காத ஒரு கையும் போதும்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது அம்மா அப்பாவின் உள்ளங்காலைப் பாருங்கள். கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள். விடாதீர்கள்.

நான் இப்போது அடுப்படியிலும் செருப்போடுதான் நடக்கிறேன். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்த பெரியம்மா, "வீட்டுக்குள்ள எதுக்குப்பா செருப்பு?" என்று கேட்டார். அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன் என்றேன்.

ஜெய்பீம்.