பதுளையில் ஒரு மழைப் பொழுது

நான் பிறந்த தோட்டம் பதுளைக்கு அருகில் இருக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தின்போது எனக்கு ஐந்து வயது. பெற்றோர் எங்களைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். பிறகு கிளிநொச்சி, 2009இல் மெனிக் பாம் முகாம். இந்த அலைச்சலை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2017 ஆவணியில், சுகமில்லாதிருந்த அத்தையைப் பார்க்கப் புகையிரதம் ஏறினேன். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. பதுளை கடைசி நிலையம். 1924இல் அங்கு வந்த தண்டவாளம் அதற்கப்பால் போகவில்லை.

லயம் அப்படியே இருந்தது, தகரம் மட்டும் புதிது. அத்தை என் முகத்தைத் தடவி, “அம்மா மாதிரியே இருக்க” என்றார்.

மறுநாள் மருந்து வாங்க நகரத்துக்கு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு தையல் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே இருந்த ராத்தா கூப்பிட்டு வெறும் தேத்தண்ணி தந்தார். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது சோனகதெருவிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் கிளம்பியவர். புத்தளம் முகாமில் வளர்ந்து பதுளையில் வாழ்க்கைப்பட்டவர். நான் இங்கிருந்து வடக்கே ஓடியவள், அவர் வடக்கிலிருந்து இங்கே வந்தவர். அவரைத் துரத்தியது எங்கள் பெயரில். எனக்கு வார்த்தை வரவில்லை.

அவரே பேசினார். “எங்கட நாயகம் காலத்திலயும் துரத்தினவைதான், தங்கச்சி.”

மக்காவின் குறைஷியர் சிலைகளை வணங்கியவர்கள். கஃபாவுக்கு வரும் யாத்திரிகரால் அவர்களின் வியாபாரமும் மதிப்பும் வளர்ந்தன. இறைவன் ஒருவனே என்றவர்களை அவர்கள் வதைத்தார்கள். சுமையா என்ற பெண் கொல்லப்பட்டார். சிலர் அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசனிடம் தஞ்சம் புகுந்தார்கள். இதில் எனக்கு உறைத்தது, வதைத்தவர்கள் வெளியார் அல்லர், சொந்தக்காரர்.

622இல் நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவுக்குப் போகுமுன்பே சிலர் கிளம்பிவிட்டார்கள். உம்மு ஸலமாவும் கணவரும் மகனும் ஒட்டகத்தில் புறப்பட்டபோது, அவருடைய குலத்தார் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கணவரின் குலத்தார் பிள்ளையைக் கேட்டார்கள். இரு பக்கமும் இழுத்ததில் பிள்ளையின் கை மூட்டு விலகியது. கணவர் தனியே மதீனா போனார். மனைவி ஏறக்குறைய ஒரு வருடம் ஒவ்வொரு நாளும் வெளியே போயிருந்து அழுதார். உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசியதால் விட்டார்கள், பிள்ளையும் திரும்பக் கிடைத்தது.

பிள்ளையோடு தனியே ஒட்டகத்தில் கிளம்பினார். தன்ஈம் என்ற இடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர், சிலை வணங்கியவர். “கூட யாருமில்லையா?” என்று கேட்டு, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். மதீனாவுக்கு வெளியே குபா தெரிந்ததும், “உன் கணவர் அங்கே இருக்கிறார்” என்று சொல்லித் திரும்பினார். நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாலைவழி. அவரைப் போல கண்ணியமான மனிதரைக் காணவில்லை என்று உம்மு ஸலமா பிற்காலத்தில் சொன்னாராம்.

“உங்களுக்கு அப்படி ஒருவரும் வரவில்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

ராத்தா துணியை மடித்தபடி, “பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால ஒரு போத்தல் தண்ணி தந்தவ. தம்பிக்குக் குடுத்தன். ஆனா தெருமுனை வரைக்கும் ஒருத்தரும் கூட வரேல்ல” என்றார்.

தூறல் விடவில்லை. கடையைச் சாத்திவிட்டு, தோட்டத்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு என்னுடன் வந்தார்.