ஒயிலும் கும்மியும் சேர்க்கும் காசு

ஊர் கூடி ஆடி, வரும் கட்டணத்தை நற்பணிக்குக் கொடுக்கும் நிகழ்ச்சியை மேல்நாடுகளில் ஜூம்பாத்தான் என்கிறார்கள். அதற்கு அடிப்படையான ஜூம்பா, 1990-களில் கொலம்பியாவின் பெட்டோ பெரெஸ் உருவாக்கிய நடன உடற்பயிற்சி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த பூமியில் ஜூம்பாத்தானுக்கு நெருங்கியவை, ஊர்த் திருவிழாவில் ஆடும் ஒயிலாட்டமும் கும்மியும். ஒயிலுக்குக் காலில் சலங்கை, கையில் வண்ணக் கைக்குட்டை. வரிசையாக நின்று, ஆட்ட வாத்தியார் பாட்டுக்கு மெதுவாகத் தொடங்கும் அடி போகப் போக வேகம் எடுக்கும். அடியும் குனிவும் திருப்பமும் மாறி மாறி வர, முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். எந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கும் குறைந்ததல்ல. பெண்கள் முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றி வந்து கும்மி கொட்டுகிறார்கள்.

ஆட்டம் சூடுபிடித்ததும் பார்ப்பவர்கள் ரூபாய் நோட்டை ஆடுபவர் சட்டையில் ஊக்கால் குத்துவார்கள். கொடுத்தவர் பெயர் உடனே மைக்கில் வரும். பெயருக்காகவே இன்னொரு நோட்டு நீட்டுபவரும் உண்டு. ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் வாத்தியாருக்கும் மேளக்காரருக்கும்தான். திருவிழாச் செலவைத் தாங்குவது வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி. அன்னதானம், பந்தல், மேளம் போக மிஞ்சுவது ஊர்ப் பொதுக் கணக்கில் சேரும். சமையல் பாத்திரமாகவோ கோயில் சுற்றுச்சுவராகவோ மாறும்.

அந்தக் கணக்கிலிருந்து ஒரு பங்கைப் பள்ளிக்கோ வைத்தியச் செலவுக்கோ ஒதுக்க ஊர்க்கூட்டம் முடிவெடுத்தால் போதும், இதுவும் ஜூம்பாத்தான்தான். ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது.