கால்கள்

புகைப்படம் பழகுகிறவர்கள் நிபுணரின் கேமராவையே பார்க்கிறார்கள். கல்யாண வீடுகளில் நான் பார்ப்பது ஸ்டூடியோக்காரரின் கால்களை. எங்கே நிற்பது என்று கால்கள் முடிவு செய்த பிறகு விரலுக்கு மிஞ்சுகிற வேலை கொஞ்சம்தான்.

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டொரதியா லாங் எடுத்த நெகடிவ்களைச் சேர்த்துப் பார்த்தால் இது புரியும். எட்டத்தில் கூடாரம், அப்புறம் தாயும் குழந்தைகளும், பிறகு அந்த முகம். ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, ஆயுள் முழுக்கக் காலைத் தாங்கி நடந்தவர் அடியடியாக நெருங்கியிருக்கிறார்.

அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. 1960இல் அவரே இதை எழுதினார். படம் உலகம் சுற்றியது. பிளாரன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது.

அருகே போவதை லாங்கிடம் கற்கலாம். பெயர் கேட்பதை வேறெங்காவதுதான் கற்க வேண்டும்.