வெனிஸுக்குப் போகாத இருவர்

நண்பர் ஒருவர் வெனிஸ் பற்றி ஏழு கவிதைகள் எழுதினார். அவர் வெனிஸுக்குப் போனதில்லை. முரானோத் தீவின் கண்ணாடி உலைகள், புரானோவில் லேஸ் பின்னும் கிழவிகள், டார்செல்லோவின் பாழ், எஸ்ரா பவுண்டைப் புதைத்த சான் மிக்கேல் தீவு எல்லாம் கவிதைகளில் இருந்தன. இதுபோன்ற ஒரு சிற்றேட்டில் 'இரவல் தண்ணீர்' என்று தலைப்பிட்டு இரண்டரைப் பக்கம் எழுதினேன். வரிகளில் இருப்பது புத்தகத்தின் ஈரம், கடலின் உப்பு இல்லை என்று. அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நண்பர் கவிதை எதுவும் வெளியிடவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைப்பதில் ஓர் அகங்காரம் இருக்கிறது. இல்லை என்று நினைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நான்கு வருஷமாக இரண்டுக்கும் நடுவில் காலம் தள்ளிவிட்டேன்.

நானும் வெனிஸுக்குப் போனதில்லை என்பதைக் கட்டுரையில் சொல்லவில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் ரஸ்கினும், பிறகு தாமஸ் மன்னும் கொடுத்த வெனிஸ்தான் எனக்கும். வங்கி தரும் விடுமுறைப் பயணச் சலுகை இந்தியக் கரையோடு முடிந்துவிடுகிறது. 2024 ஏப்ரலிலிருந்து, ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களிடம் அந்த நகரம் சில நாட்களில் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது என்று படித்தபோது, குமாஸ்தா புத்தி உடனே அதை ரூபாயாக்கிப் பார்த்தது. அந்த ஐந்து யூரோவை என்னால் கட்ட முடியும்.

போக முடியாதவன், அங்கிருந்து வந்தவர்களையாவது படிக்கலாம் என்று ஆரம்பித்தேன். காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகைவியாபாரி 1582இல் நாகப்பட்டினத்திலிருந்து சாந்தோமுக்குக் கப்பலில் வந்தார். வழியில் 'சீனர்களின் ஏழு பகோடாக்கள்' என்ற இடத்தையும், அங்கே உயரமில்லாத எட்டுக் குன்றுகளையும் குறித்திருக்கிறார். நம் மாமல்லபுரம்தான். விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பு கடந்ததாகவும் அவரே சொல்கிறார். இருட்டில் எண்ணியிருக்கிறார்! அவருடைய புத்தகம் 1590இல் வெனிஸில் அச்சாயிற்று. உப்பு இல்லையென்று யாரும் எழுதினார்களோ என்னவோ.

இன்னொரு வெனிஸ்காரர் மார்க்கோ போலோ. 1298இல் ஜெனோவாவின் சிறையில் சொல்லி எழுதவைத்த புத்தகத்தில், மாபார் என்ற நம் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். தவணை சொல்லி இழுத்தடிக்கும் கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவானாம். பைசல் செய்யாமல் கடனாளி அதைத் தாண்டக்கூடாது. அயல்நாட்டு வியாபாரி ஒருவன் ராஜாவைச் சுற்றியே வட்டம் போட்டதைப் பார்த்ததாகவும் சொல்கிறார். வாராக் கடன் பட்டியல் தயாரிக்கிறவன் இதைப் படித்தால் சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினேன். பரனூர் தாண்டியதும் ஜன்னலை ஒட்டி வரும் கொளவாய் ஏரி. செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். மாமல்லபுரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். அதற்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கு, பதினோரு வருஷம் பொத்தேரியில் குடியிருந்தும், போனதில்லை.

டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி ஏற்றுமதிக்காக நிலைகொண்ட துறைமுகம். செங்கல் கோட்டை, இடிந்த கிடங்குகள், ஆடுகள். 1824 உடன்படிக்கைப்படி வெள்ளைக்காரர்களிடம் போனபின் வியாபாரமும் போய்விட்டது. கோட்டைக்குள்ளேயே மதில் சூழ்ந்த சின்னக் கல்லறைத் தோட்டம். படுத்த கற்களில் குலச்சின்னங்கள். எழுத்துகளைக் கல்லில் குழித்து வெட்டவில்லை. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து எழுத்துகளைப் புடைக்க விட்டிருக்கிறார்கள். எனக்கு டச்சு தெரியாது. சும்மா ஒரு பெயரின் மேல் விரலை ஓட்டினேன்.

நண்பரின் ஆறாவது கவிதையில் சான் மிக்கேல் தீவின் கல்லறையில் ஒரு பையன் புடைத்த எழுத்துகளை விரலால் படிப்பான். பவுண்டின் கல்லில் பெயர் குழித்து வெட்டப்பட்டிருக்கிறது, புகைப்படத்தைக்கூடக் கவிஞர் சரியாகப் பார்க்கவில்லை என்று நான் திருத்தியிருந்தேன். விரலை எடுத்துக்கொண்டேன்.

கோட்டை வாசலில் நின்று போன் செய்தேன். எடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"சதுரங்கப்பட்டினத்துல நிக்கிறேன். அந்த ஆறாவது கவிதை..."

"அம்மா ஊருங்க அது. லீவுக்கு வந்தா அந்தக் கல்லு மேலதான் விளையாட்டு."

"அப்படீன்னா சதுரங்கப்பட்டினம்னே போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா நீங்க ரெண்டரைப் பக்கம் எழுதியிருப்பீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இப்போது ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இருட்டிட்டா செங்கல்பட்டு பஸ் குறைஞ்சிடும். முதல்ல கிளம்புங்க" என்றார்.