அநாதை வொலியூம்கள்

எங்கள் வீட்டில் வொலியூம் என்றால் டீவியின் சத்தம். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி வொலியூமைக் கூட்டுற வேலையா?" என்று அம்மா கேட்டார். சேர்வர் வாடகை அறை மாதிரி, வொலியூம் அதற்குள் கொண்டுபோய் வைக்கிற அலுமாரி, அறையைக் காலி பண்ணினாலும் அலுமாரி அங்கேயே நிற்கும், அதற்குத் தனி வாடகை என்று விளக்கினேன். "அப்போ அலுமாரியையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் வருடக்கணக்காக எழுதித் திருத்திக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் வேலையே அதுதான்.

*

2022ஆம் ஆண்டுக் கொப்பியிலிருந்து. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைக் கொஞ்சம் தாண்டி நின்றது. மே மாதம் 360. சிங்கப்பூரில் இருக்கும் அமேசான் டிஸ்க், ஜிபி2 வகை, ஒரு ஜிகாபைட்டுக்கு (ஜிபி) மாதம் 12 அமெரிக்க சதம். 500 ஜிபிக்கு 60 டொலர். 12,000 ரூபாவாக இருந்தது 21,600 ஆயிற்று. டிஸ்க்கில் ஒரு பைல்கூடக் கூடவில்லை.

கண்டி வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலின் கணக்காளர் பில்லை நீட்டினார். "தம்பி, ஆளே வராத ஹோட்டலுக்கு இவ்வளவு டிஸ்க் எதுக்கு?" பட்டியலை இறக்கிப் பார்த்தேன். 11 வொலியூம்களில் 4 எந்த சேர்வரிலும் ஒட்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு நேரே "அவைலபிள்" என்று காட்டும். யாருக்கு அவைலபிள் என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

சேர்வரை அழிக்கும்போது அதோடு பிறந்த டிஸ்க் மட்டும் கூடவே போகும். பிறகு வாங்கி ஒட்டியவை, முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அப்படியே நிற்கும். குறை என்று சொல்ல முடியாது. 2008இல் ஈபிஎஸ் என்ற இந்த அமேசான் டிஸ்க் சேவை வந்ததே சேர்வர் செத்தாலும் தரவு சாகக்கூடாது என்பதற்காகத்தான்.

*

முதல் ஸ்கிரிப்ட் என் லெப்டொப்பில் ஓடியது. இரவு 2 மணிக்கு எழும்பும், ஒட்டாத வொலியூம்களைத் தேடும், "வைத்திரு" என்ற டேக் இல்லாதவற்றை ஒரு ஸ்னப்ஷொட், அதாவது அந்த நேரத்துப் பிரதி, எடுத்துவிட்டு எனக்கு மெயில் போடும். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். லெப்டொப் பட்டரி செத்தது, கொஞ்ச நேரத்தில் டவர் பட்டரியும் செத்து சிக்னல் போனது. ஐந்து இரவு ஸ்கிரிப்ட் எழும்பவில்லை, எழும்பவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. சிங்கப்பூர் டிஸ்க்கைக் காவல் பார்க்கிறவன் கண்டியில் கரண்டுக்குக் காத்திருக்கிறான். ஸ்கிரிப்டைத் தூக்கி அமேசானிலேயே ஓடும் லாம்டாவில் போட்டேன்.

*

ஜிபி2இலிருந்து ஜிபி3க்கு மாற்றுவது: சேர்வரை நிறுத்தத் தேவையில்லை, ஒரு ஜிகாபைட்டின் விலை 20 வீதம் குறைவு. 2020 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஏன் இன்னும் மாற்றவில்லை என்று யாரைக் கேட்டாலும் "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்பார்கள்.

*

டிஸ்க் நிரம்பும்போது ஸ்கிரிப்ட் அதைத் தானாகக் கூட்டுவது கேட்கும்போது லேசாக இருக்கும். உண்மையில் மூன்று வேலை. முதலில் வொலியூமைக் கூட்டவேண்டும், 2017இலிருந்து ஓடும்போதே கூட்டலாம். பிறகு பார்ட்டிஷனை நீட்டவேண்டும். அதற்குப் பிறகு பைல் சிஸ்டத்தை நீட்டவேண்டும். ஆட்கள் பெரும்பாலும் முதல் வேலையோடு படுக்கப் போய்விடுவார்கள். காசு 200 ஜிபிக்குப் போகும், சேர்வர் 100 ஜிபியில் மூச்சுமுட்டிக் கிடக்கும்.

இன்னொன்று. டிஸ்க் எத்தனை வீதம் நிரம்பியது என்று அமேசானுக்குத் தெரியாது. எழுத்து வாசிப்பு வேகம் தெரியும், உள்ளே இருக்கும் பைல் தெரியாது. அலுமாரியை வாடகைக்குக் கொடுத்தவர் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. சேர்வருக்குள் ஒரு ஏஜென்ட்டை உட்காரவைத்து, அதுதான் வெளியே சொல்லவேண்டும்.

கூட்டலாம், குறைக்க முடியாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு புரோகிராம் பைத்தியம் பிடித்த மாதிரி லொக் எழுதித் தள்ள, ஸ்கிரிப்ட் விசுவாசமாக 50ஐ 100 ஆக்கியது, பிறகு 200 ஆக்கியது. லொக்கை அழித்த பிறகும் 200 ஜிபிக்குத்தான் பில். சிறியதாக்க வேண்டுமென்றால் புதிய வொலியூம் செய்து எல்லாவற்றையும் பிரதி எடுத்து மாற்றவேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். இப்போது ஸ்கிரிப்டில் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தொட்டால் கூட்டாது, என்னை எழுப்பும்.

*

பெரஹரா சீசன். ஹோட்டல் புக்கிங் தளம் மாலை 6 மணிக்கு விழுந்தது. எரர்: டிஸ்க்கில் இடமில்லை. நிரம்பிய இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் 58 வீதம்தான். அரை மணித்தியாலம் முழித்த பிறகு டிஎஃப்போடு ஐ சேர்த்து அடித்தேன். ஐநோட் 100 வீதம்.

விசயம் இது. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஐநோட், பதிவேட்டில் ஒரு வரி மாதிரி. எக்ஸ்ட்4இல் அந்த வரிகளின் எண்ணிக்கையை டிஸ்க்கை போர்மட் பண்ணும்போதே அளவுக்கு ஏற்ப ஒதுக்கிவிடுவார்கள். தளத்தைத் திறந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குட்டி செஷன் பைல், சில நூறு பைட். பழையதைக் கூட்டித் தள்ளும் வேலையை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். இலட்சக்கணக்கில் சேர்ந்து பதிவேடு முடிந்தது, அலுமாரியில் இடம் கிடந்தது. என் ஸ்கிரிப்ட் வீதத்தை மட்டும் பார்த்து "நலம்" என்று மெயில் போட்டிருந்தது. 5.45க்கு.

*

திகன பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தினோம். 122 மீற்றர் உயரம், 1985இல் திறந்தது, 722 மில்லியன் கன மீற்றர் தண்ணீர் கொள்ளும். எனக்குப் பிடித்தது அதன் எட்டு வான்கதவுகள். கொங்கிரீட் எதிர்ப்பாரங்கள் கதவைத் திறக்கவே இழுக்கின்றன. மூடுவதற்குத்தான் ஹைட்ரோலிக் பலம் வேண்டும். மட்டம் மீறினால், கரண்ட் இல்லை, ஆளில்லை, போன் வேலைசெய்யவில்லை என்றாலும் கதவு திறக்கும்.

காரில் வரும்போது இதையே யோசித்தேன். கதவைச் செய்தவர்கள், பழுதானால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டார்கள். நான் அதைத் தீர்மானிக்கவே இல்லை. அப்போதைய விதி: ஒட்டாத வொலியூமுக்கு மெயில் போடு, 14 நாள் யாரும் அழிக்கவேண்டாம் என்று சொல்லாவிட்டால் வொலியூமையும் ஸ்னப்ஷொட்டையும் அழி. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் விதி. அந்த இரவே திருப்பிப் போட்டேன். "அழி" என்று ஒரு மனிதர் பதில் எழுதினால் மட்டும் அழி.

(பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடும் வரட்சியில் மட்டம் இறங்கினால் பழைய கட்டிடங்களின் மிச்சம் தெரியும், ஆட்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.)

*

கிட்லாப் நிறுவனம், 2017 ஜனவரி 31. களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சேர்வரில் டேட்டாபேஸ் போல்டரை அழித்தார், சுமார் 300 ஜிபி. அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது, கைகொடுக்கவில்லை. தினமும் ஓடவேண்டிய பேக்கப் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களை மெயில் சேர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னப்ஷொட்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் நம் அரச கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் சேர்த்தி. பேக்கப்பும் அதே வீட்டுக்குள் இருந்தால் பூட்டுப் போடுகிறவன் இரண்டுக்கும் சேர்த்தே போடுவான். இதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பிரதியை வேறு கணக்கில், வேறு சாவியோடு வைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு வொலியூமைத் திறந்து, உள்ளே ஏதாவது ஒரு பைலை என் கண்ணால் வாசிக்கிறேன். இதை மட்டும் ஸ்கிரிப்டிடம் கொடுக்கவில்லை.

*

2025 நவம்பர் கடைசி. டித்வா புயல். கண்டி மாவட்டத்தில் மலை மலையாகச் சரிந்தது. கரண்ட் இல்லை, ரயில் பாதை இல்லை, யாருக்கும் போன் போகவில்லை. அந்த நாட்களில் டிஸ்க்கைப் பற்றி யோசித்தேன் என்று எழுதினால் பொய். மண்வெட்டியும் கையுமாகத்தான் திரிந்தோம்.

ஐந்தாம் நாள் ஒரு கடையின் ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் போட்டு மெயிலைத் திறந்தேன். ஸ்கிரிப்டிடமிருந்து 60க்கு மேல். 28ஆம் தேதி இரவு ஒரு வொலியூமை 80இலிருந்து 100 ஆக்கியிருந்தது, மூன்று படியும் சரி. இன்னொன்று: ஒரு ஒட்டாத வொலியூமுக்கு "அழிக்கலாமா?" என்று கேட்ட மெயிலின் 14ஆம் நாள் நவம்பர் 30. பழைய விதி இருந்திருந்தால் அன்று இரவு போயிருக்கும். வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் சிக்னல் இல்லை.

*

அந்த வொலியூமின் பெயர் "டோன்ட்-டிலீட்-பிளீஸ்". 40 ஜிபி. செய்தவன் 2022இல் மெல்பேர்ன் போய்விட்டான். வட்ஸ்அப்பில் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில்: "மச்சான், அது நான் வச்சதா?"

திறந்து பார்த்தேன். கொவிட்டுக்கு முந்திய புக்கிங் டேட்டாபேஸின் ஒரு பிரதி, ஒரு போல்டர் நிறையக் கேக் படங்கள். ஹோட்டல் கணக்காளரிடம் சொன்னேன். "பழைய புக்கிங்கா? இருக்கட்டும் தம்பி, ஓடிட்காரங்க கேட்டாலும் கேப்பாங்க. மாசம் எவ்வளவு வருது?" கணக்குப் போட்டுக் காட்டினேன். பேனையால் மேசையைத் தட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தார். "இந்த மாசம் இருக்கட்டும்."

"வைத்திரு" டேக் போட்டிருக்கிறேன். கேக் படங்களை மட்டும் மெல்பேர்னுக்கு அனுப்பினேன், தங்கச்சியின் பிறந்தநாளாம்.