பந்து சோறு போடுமா?

வட்டவளையின் மழையை அறியாதவர் மலைநாட்டை முற்றும் அறிந்தவராகார். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், எதிரே நிற்கும் தேயிலை மலைகூடக் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும், மாலையில் மழை சற்றே விட்டதும், பிரட்டுக்களத்துக்குக் கீழேயுள்ள சிறு மைதானத்தில் எங்கிருந்தோ ஒரு பந்து வந்து விழும். அதன் பின்னால் இருபது பிள்ளைகள் ஓடிவருவர். சப்பாத்து அணிந்தவன் அவர்களுள் ஒருவனும் இரான். இரண்டு கற்களை வைத்தால் அதுவே கோல் வாயில். சேறும் சிரிப்புமாக இருள் சூழும்வரை ஆட்டம் நடக்கும். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற எமக்கு, வீட்டுத் திண்ணையிலிருந்து அதைப் பார்ப்பதே அன்றாட இன்பம்.

சென்ற மாதம் ஒரு நாள், அந்தப் பிள்ளைகளுள் மிகச் சிறப்பாக ஆடும் ஒருவனின் பாட்டி எமது வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள் அவை. பேரன் அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன்.

“மாஸ்டர், நீங்க சொன்னா அவன் கேட்பான். எந்நேரமும் பந்து, பந்துன்னு திரியிறான். இந்தப் பந்து அவனுக்குச் சோறு போடுமா? விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டா யார் பார்க்கிறது?” என்று கேட்டார்.

எமக்கு உடனே விடை கூற நா எழவில்லை. அதற்குக் காரணமுண்டு.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், எமது வகுப்பில் இவனைப் போன்றே ஒரு மாணவன் இருந்தான். இரு கால்களாலும் ஒன்றுபோல் பந்தடிக்க வல்லவன். பரீட்சை ஆண்டு பிறந்ததும், அவனுடைய நன்மைக்கென்றே எண்ணி, அவனது பந்தைப் பறித்து அலமாரியில் பூட்டினோம். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் சில வாரங்களில் பாடசாலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டதாக அறிந்தோம். சில ஆண்டுகள் கழித்துத் தீபாவளிக்கு ஊர் வந்தவன், எம்மைக் கண்டு வணங்கி, “பந்து இன்னும் அலமாரியிலதான் இருக்கா, மாஸ்டர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் கேலியாகத்தான் கேட்டான். எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. பந்தைப் பறித்தால் அந்த இடத்தில் புத்தகம் தானே வந்து அமரும் என்று நாம் போட்ட கணக்குப் பிழைத்துவிட்டது.

பாட்டியின் முதற் கேள்விக்கு விடை தேடியபோது, கேரளத்தின் திருச்சூர் நகரத்துப் பையன் ஒருவனின் நினைவு வந்தது. 1969 இல் பிறந்த அவன் பெயர் ஐ. எம். விஜயன். வறுமை மிக்க குடும்பம்; தந்தையையும் இளமையிலேயே இழந்தான். நகர மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருவோருக்குச் சோடா விற்றான். ஒரு போத்தலுக்கு அவனுக்குக் கிடைத்தது 10 பைசா. விற்றுக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தான். பார்த்ததை ஆடியும் பழகினான். டி. கே. சாத்துண்ணி என்ற பயிற்சியாளர் அவனுடைய திறமையைக் கண்டுகொண்டார். 1987 இல், பதினெட்டு வயதளவில், கேரளப் போலீஸ் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது.

அதன்பின் நடந்தவை உதைபந்தாட்ட அன்பர் பலரும் அறிந்தவையே. 1990 இலும் 1991 இலும் அந்தப் போலீஸ் அணி இந்தியாவின் பெடரேஷன் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கழகங்களும், பஞ்சாபின் ஜே.சி.ரி. கழகமும் அவரை அழைத்து ஆடவைத்தன. 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவின் சிறந்த வீரர் என்ற விருது அவருக்கே கிட்டியது. 1999 இல் தெற்காசிய விளையாட்டு விழாவில் பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய 12 ஆவது வினாடியிலேயே கோல் அடித்தார். நமது இளைஞர்களுக்கோ அவரைத் ‘திமிரு’ படத்தின் வில்லனாகத்தான் தெரியும்!

நிற்க. எம்மைக் கவர்ந்தது அவர் அடித்த கோல்களின் தொகையன்று. முன்வரிசை வீரனின் காலம் மிகக் குறுகியது. கால் தளர்ந்தால் கைதட்டலும் தளரும். விஜயன் 2006 இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். அதற்குப் பின்னும் அவருக்குச் சோறு போட்டது போலீஸ் உத்தியோகமே. மலபார் சிறப்புப் போலீஸ் படையில் அதிகாரியாகப் பணியாற்றி, 2025 ஏப்ரலில் அதிலிருந்தும் ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. திருச்சூரில், முன்னர் நகரத்துக் குப்பைகளைக் கொட்டிவந்த லாலூரில், அவர் பெயரால் ஒரு விளையாட்டு வளாகம் எழுந்துள்ளது. ஆக, அந்த உத்தியோகத்தை அவருக்குத் தேடித் தந்தது பந்து. ஆயினும், பந்தடிப்பவனைக் கண்டு கைகொடுக்க ஒரு பயிற்சியாளரும் ஓர் அணியும் இல்லாதிருந்தால், அவர் சோடா விற்றவாறே முதுமை எய்தியிருக்கவும் கூடும்.

பாட்டியின் இரண்டாவது அச்சம் கால் ஒடிவதைப் பற்றியது. அதற்கு விடை ஸ்பெயின் நாட்டிலே கிடைக்கிறது. அங்கே அஸ்தூரியாஸ் என்பது முன்னர் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த மலைப் பிரதேசம். அங்கு, துயிலியா என்னும் சிற்றூரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1981 இல் டேவிட் வியா பிறந்தார். நான்கு வயதிலேயே வலது தொடை எலும்பு முறிந்தது. தந்தை என்ன செய்தார்? “இனிப் பந்தைத் தொடாதே” என்று தடுக்கவில்லை. வேலை முடிந்து வந்து, மகனுடைய இடது காலுக்குப் பந்தை மீண்டும் மீண்டும் எறிந்து, அந்தக் காலாலும் அடிக்கப் பழக்கினார். 2010 இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்றபோது ஐந்து கோல்களை அடித்தவர் அந்த மகனே. தமது நாட்டுக்காக 59 கோல்கள் அடித்து, 2020 இல் ஓய்வுபெற்றார். அவரை ஊரார் அழைத்த செல்லப்பெயரை நமது மொழியில் சொல்வதானால், ‘பொடியன்’ என்பதே. சுரங்கத்து லயன்களும் தேயிலைத் தோட்டத்து லயன்களும் அத்துணை தூரத்தில் இல்லை போலும்!

இவற்றையெல்லாம் பாட்டிக்கு எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “அவங்களுக்கெல்லாம் ஆள் இருந்திச்சு, மாஸ்டர். எங்க பொடியனுக்கு யார் இருக்கா?” என்றார்.

நாம் சுற்றி வளைத்துக் கூறியதன் சாரத்தை அவர் ஒரே வார்த்தையில் பிழிந்து தந்துவிட்டார். ஆயிரம் பேர் ஆடினால் ஒருவர்தாம் விஜயன் ஆவார். அதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது பாவம். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் ஒரு துணை தேவை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு பிள்ளைக்குத் துணையாக நில்லாமல், பூட்டாக நின்றோம்.

அன்று மாலையே பையனை அழைத்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மாலை நான்கரைக்குப் பந்து. ஆறரைக்கு எமது திண்ணையில் கணக்கும் ஆங்கிலமும். ஒன்றைத் தவறவிட்டால் மற்றதும் இல்லை. பாட்டியும் உடன்பட்டார். ஹட்டனுக்குச் சென்றிருந்தபோது ஒரு புதிய பந்தும் வாங்கி வந்தோம்.

இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. பையன் ஒரு நாளும் தவறவில்லை. நேற்று மட்டும் சேற்றுக் காலோடு திண்ணையேறி ஏச்சு வாங்கினான். அவன் எதுவாக வருவான் என்பதை நாம் அறியோம். பந்து மட்டும் இம்முறை அலமாரிக்குள் இல்லை.